அந்த ஒரு மீட்டர் எங்கே போயிற்று?

அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களை மூங்கில் கழி ஊன்றித் தாண்டிப் பழகியவர்கள் காரைக்கால் பக்கத்தில் என் வயதினரில் பலர் உண்டு. கழி நிமிர்ந்து அக்கரைப் பக்கம் சாய்ந்தால் தப்பித்தோம். நிமிராமல் பாதியில் நின்றுவிட்டால் நடு வாய்க்காலில் சேற்றுக் குளியல்தான். கோலூன்றித் தாண்டுதல் என்னும் விளையாட்டின் வேர்களுள் ஒன்றும் இதுவே. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து பகுதியில் கழி ஊன்றி வாய்க்கால் தாண்டுவது இன்றும் ஒரு போட்டியாக நடைபெறுகிறது.

இந்த விளையாட்டை இயற்பியல் ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறைக்கு இழுத்து வந்து படுத்தும் பாடு பற்றியே இக்கட்டுரை. ஆற்றல் அழிவின்மைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? வினா-விடைக் கையேடுகளில் இரண்டே வரிகளில் விடை தயாராக இருக்கும்: ஓடிவரும் வீரரின் இயக்க ஆற்றல் கோலில் மீட்சி ஆற்றலாகிறது, பின்னர் அது நிலை ஆற்றலாகி வீரரை உயர்த்துகிறது. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லி வந்தேன். வேகத்தின் வர்க்கத்தை 19.6 ஆல் வகுத்தால் உயரம். கரும்பலகையில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுவிடுவேன்.

என் வகுப்பில் கோலூன்றித் தாண்டும் மாணவர் ஒருவர் இருந்தார். வெளியூர்ப் போட்டி ஒன்றில் நண்பர் கைபேசியில் பிடித்த படத்துடன் ஒரு நாள் வந்தார். அதில் வினாடிக்கு 30 சட்டங்கள். ஓடுபாதையின் கடைசி 10 மீட்டரை அவர் 40 சட்டங்களில், அதாவது 1.33 வினாடியில் கடந்திருந்தார். வேகம் வினாடிக்கு 7.5 மீட்டர். வாய்பாட்டின்படி 2.87 மீட்டர் எழ வேண்டும். புறப்படும்போதே அவருடைய பொருண்மை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே 3.87 மீட்டர். ஆனால் அவர் தாண்டியதோ 2.90. "சார், மீதி ஒரு மீட்டர் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

வாசகர்களே, கையேட்டின் இரண்டு வரிகளில் இதற்கு விடை இல்லை. "உராய்வு, காற்றுத் தடை" என்று சொல்லித் தப்பிக்கலாம். அது உண்மையல்ல. இந்த வேகத்தில் அவை ஒரு மீட்டரை விழுங்கிவிட மாட்டா.

படத்தைச் சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்த்தோம். கோலின் நுனி, ஓடுபாதை முடிவில் 20 செ.மீ. ஆழத்தில் பதித்துள்ள ஊன்று பெட்டியின் பின்சுவரில் முட்டும் கணம்தான் முக்கியம். அந்தக் கணத்தில் கோலைப் பிடித்த மேற்கையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். நூல் உந்தும் காலின் நுனிவிரலில் விழ வேண்டும். நம் மாணவரின் கால் அந்த நூலுக்கு 30 செ.மீ. முன்னே, பெட்டியை நோக்கிச் சென்றிருந்தது. கால் தரையில் இருக்கும்போதே கோல் முட்டிவிட்டது. கை பின்னுக்கு இழுபட்டது, தோள் தளர்ந்தது, இடுப்பு மடிந்தது. எலும்பும் தசையும் மீள்வில் அல்ல. அங்கே போன ஆற்றல் வெப்பமாகிப் போனதுதான், திரும்பி வராது. புறப்பாட்டில் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இயக்க ஆற்றல் 19 விழுக்காடு குறையும், வேகத்தின் வர்க்கமல்லவா? 2.87 மீட்டரில் 19 விழுக்காடு 55 செ.மீ. பாதிக் கணக்கு தீர்ந்தது.

மறு பாதி எதிர்பாராத இடத்தில் இருந்தது. அவர் குறுக்குக் கம்பிக்கு 2 மீட்டர் அப்பால் மெத்தையில் விழுந்திருந்தார். பார்ப்பவர்கள் இதைத்தான் அழகான தாவல் என்பார்கள். கம்பியின் உயரத்திலிருந்து மெத்தைக்கு 2.2 மீட்டர் விழ 0.67 வினாடி ஆகும். அதற்குள் 2 மீட்டர் முன்னே போயிருக்கிறார் என்றால், உச்சியில் இருந்தபோதே அவரிடம் வினாடிக்கு 3 மீட்டர் கிடைவேகம் மிச்சம் இருந்திருக்கிறது. கம்பியைக் கடக்க வினாடிக்கு 1 மீட்டர் போதும். அதன் விலை 5 செ.மீ. மட்டுமே. 3 மீட்டர் வேகத்தின் விலை 46 செ.மீ.! 55-ம் 46-ம் சேர்ந்தால் நம் ஒரு மீட்டர். கைகளால் தள்ளிச் சேர்க்கும் ஆற்றல் போன்றவற்றை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குத்தான் இது. ஆயினும் "உராய்வு" என்பதைவிட எவ்வளவோ மேல்.

உச்சியில் ஏன் இத்தனை வேகம் மிச்சம்? அவர் கோலைப் பிடித்த உயரம் அவருடைய ஓட்டத்துக்குக் குறைவு, கோலும் மெத்தென்றது. ஆகவே அது சட்டென்று நிமிர்ந்து அவரை முன்னே வீசிவிட்டது. அப்படியானால் பிடியை உயர்த்தலாமே என்பீர்கள். இங்கேதான் என் வாய்க்கால் அனுபவம் உதவுகிறது. கோலும் உடலும் சேர்ந்து பெட்டியை அச்சாகக் கொண்டு சுழல்கின்றன. உடலின் பொருண்மை மையம் அந்த அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதன் வர்க்கத்துக்கேற்பச் சுழற்சிக்கான எதிர்ப்பு கூடும். பிடியை உயர்த்தினால் கோல் நிமிர்வது கடினம். புறப்பாட்டில் வேகத்தை இழந்தவர் பிடியையும் உயர்த்தினால் கோல் பாதியில் நின்று, அவரை ஓடுபாதையிலேயே திருப்பி எறியும். அங்கே சேறு இல்லை, மெத்தையும் இல்லை. ஆகையால் முதலில் கால் சரியாக வேண்டும், பிடி பிறகு. உந்தியபின் உடனே முழங்காலைச் சுருட்டிக்கொள்ளாமல் உடலை நீளமாகத் தொங்கவிட்டு வீசச் சொல்வதும் இதனால்தான். நீளத் தொங்கும் உடல் அச்சுக்கு அருகே இருக்கும். கோல் எளிதில் நிமிரும்.

அவருக்கு அதுவரை கிடைத்திருந்த அறிவுரை வேறு. "கோலை வளை, நன்றாக வளை!" மைதானத்தில் அடிக்கடி கேட்கும் குரல் இது. மெத்தென்ற கோலை அவர் கையில் எடுத்ததும் கீழ்க்கையை முரட்டுத்தனமாக நெட்டியதும் அதனால்தான். வகுப்பில் நான் "கோல் ஒரு வில்" என்று சொன்னதற்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வில்லை நாம் வளைக்கிறோம். கோலையோ ஓடிவந்த உடலின் உந்தம் வளைக்கிறது. வளைவு என்பது நல்ல புறப்பாட்டின் விளைவு. கோல் தன் பங்காக ஒரு ஜூல் ஆற்றலும் சேர்ப்பதில்லை. வாங்கியதில் சிறிது குறைத்துத்தான் திருப்பித் தருகிறது.

அப்படியானால் கண்ணாடி இழைக் கோலுக்குப் பெருமையே இல்லையா? உண்டு. அமெரிக்கரான கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-இல் மூங்கில் கோலால் 4.77 மீட்டர் தாண்டினார். 1960-இல் டான் பிராக் உலோகக் கோலால் 4.80. பதினெட்டு ஆண்டுகளில் ஏற்றம் 3 செ.மீ.தான்! கண்ணாடி இழை வந்தபின் 1963-இல் பிரையன் ஸ்டெர்ன்பர்க் 5 மீட்டர் தாண்டினார்; 1964-இல் ஃபிரெட் ஹான்சன் 5.28. வளையும் கோல் முட்டும்போது உடலுக்கு அதிர்ச்சி குறைவு. வளைந்து குறுகுவதால் உயர்ந்த பிடியிலும் நிமிர்கிறது. அதன் உதவி அவ்வளவே. 1983 முதல் 1997 வரை ஆறு உலகப் போட்டிகளில் தொடர்ந்து வென்று, 1994-இல் 6.14 மீட்டர் தாண்டிய செர்கெய் புப்காவும் அவருடைய பயிற்சியாளர் விட்டாலி பெட்ரோவும் வலியுறுத்தியது வளைவை அல்ல. கோல் முட்டும் கணத்தில் கால் தரையை விட்டிருக்க வேண்டும் என்பதையே. வார்மர்டாமின் 4.77 இன்றைக்கும் நம் கல்லூரி வீரர்களில் பெரும்பாலோருக்கு எட்டாத உயரம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் கையில் இருந்தது மூங்கில்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. வி. எஸ். சுரேகா 2014-இல் 4.15 மீட்டர் தாண்டி நிறுவிய தேசிய சாதனையை, 2022-இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா 4.20 தாண்டி முறியடித்தார். அதே போட்டியில் சிவா சுப்பிரமணி 5.31 தாண்டினார். இவர்களைப் பற்றிய செய்திகளில் உயரம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. பிடி உயரமோ, கடைசிப் பத்து மீட்டரின் வேகமோ, கால் பதிந்த இடமோ எங்காவது வந்திருக்கிறதா? வளரும் ஒரு வீரருக்குப் பயன்படக்கூடிய எண்கள் அவைதாமே!

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுகிறேன். 3 மீட்டரிலிருந்து விழுபவரை மணல் 15 செ.மீ. அமுங்கி நிறுத்தினால், உடல் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசை முதுகில் தாக்கும். 60 செ.மீ. அமுங்கும் நுரை மெத்தையில் அது 5 மடங்கு. மெத்தை இல்லாத பள்ளி மைதானங்களில் மணற்குழியை வைத்துக்கொண்டு உயரத்தைக் கூட்டச் சொல்லும் ஆசிரியர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை செய்து பார்க்கட்டும். மணலில் பழகவே கூடாதா என்றால், பழகலாம். தாழ்ந்த பிடியில், நாலைந்து காலடி ஓட்டத்தில், குறுக்குக் கம்பியே இல்லாமல், கால் எங்கே பதிகிறது என்பதை மட்டும் பார்த்துப் பழகலாம்.

நம் மாணவர் அதைத்தான் செய்தார். ஓடுபாதையோரம் சுண்ணாம்புக் கோடு. நண்பர் கையில் கைபேசி. முதல் மாதம் குறுக்குக் கம்பியை அவர் தொடவே இல்லை. தோழர்கள் கேலி செய்தார்கள். 30 செ.மீ. பிழை 12 ஆயிற்று. பிறகு பிடியை நான்கு விரல் அகலம் உயர்த்தினார். அந்த வாரப் படத்தில் அவர் விழுந்த இடம் கம்பியிலிருந்து ஒன்றரை மீட்டர். உச்சியில் அவருடைய கிடைவேகம் எவ்வளவு என்பதை அவரே கரும்பலகையில் போட்டுக் காட்டினார்.