ஆதித்த கரிகாலன் கொலை: கல்கி மீது ஒரு விசாரணை

சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் எழுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். அவனுடைய பழைய காதலி நந்தினி, அவள் கூட்டாளி ரவிதாசன், அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர், இல்லை கரிகாலனேதான் என்று நான்கு கட்சி. சமயபுரம், லால்குடி பக்கத்து வாசகருக்கு இந்த வழக்கில் கூடுதல் உரிமை உண்டு. கதையின் மகா புத்திசாலியான முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயர் பக்கத்து அன்பில்காரர். கற்பனை ஆளுமல்ல, சுந்தர சோழன் அவருக்கு நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது.

கல்கி நழுவிவிட்டார் என்பது முதல் குற்றச்சாட்டு. விளக்கு அணைகிறது, இளவரசன் விழுகிறான், குத்திய கை தெரிவதில்லை. இதை நான் குறையாக ஏற்கமாட்டேன். பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொய்த நாளிலிருந்து கரிகாலன் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருப்பவன். கொலை நடக்கும் கடம்பூருக்குப் போகாதே என்று தங்கை குந்தவை ஆள் அனுப்பித் தடுத்தும் போகிறான். சாவைத் தேடிப் போகிறவன் கதையில் கத்தி யாருடையது என்பது இரண்டாம் கேள்விதான். துப்பறியும் கதைக்கு விடை கட்டாயம். இது அந்த வகையல்ல.

வரலாறும் கல்கிக்கு முழு விடை தந்துவிடவில்லை. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் சொத்து பறிபோனதைப் பதிகிறது. பின்னால் இருந்து தூண்டியது யார் என்று சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். ஆனால் கல்வெட்டில் இன்னொன்று இருக்கிறது. ரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’, பரமேசுவரன் ‘இருமுடிசோழ பிரமாதிராஜன்’. இவை பெரும் அதிகாரிகளின் பட்டங்கள். இரண்டாவதில் சோழன் பெயரே இருக்கிறது. சதி அரண்மனைக்கு உள்ளேயே இருந்திருக்கலாம் என்ற அந்தப் பெரிய சாத்தியத்தை விட்டுவிட்டு, கொலைகாரர்களைப் பாண்டியனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகளாக்கினார் கல்கி. உள்வீட்டுத் துரோகம் வெளிப்பகையாகச் சுருங்கிவிட்டது.

அவர் உண்மையில் தோற்ற இடம் கொலைக்குப் பிறகு வருகிறது. தன் ஒற்றன் ஆழ்வார்க்கடியானை ஊரெல்லாம் உலவவிட்ட அநிருத்தர், பட்டத்து இளவரசன் செத்தபின் சாதாரண மந்திரியாகிவிடுகிறார். பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதும் விசாரணை தணிகிறது. குற்றவாளிகளின் தண்டனை ஒரு காட்சியாகக்கூட வரவில்லை. வீரபாண்டியன் நந்தினிக்கு யார் என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. பிறந்தபோதே இடம் மாறிய மதுராந்தகன், சேந்தன் அமுதன் ஆள்மாறாட்டத்துக்கோ பக்கம் பக்கமாக இடம். விட்ட இழைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டதால்தான் கல்கி முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லவேண்டி வந்தது. 1954இல் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார்.

மணிரத்னத்தின் 2023 படம் ஆள்மாறாட்டத்தை அடியோடு வெட்டியது, நல்ல வெட்டு. நந்தினியின் கத்தியைக் கரிகாலனே தன்மேல் வாங்கிக்கொள்ள வைத்தது, காட்சியாக வலுவானதுதான். ஆனால் ஓர் அரசியல் கொலை அங்கே காதல் சாவாகிவிட்டது.

என் தீர்ப்பு: இருட்டில் நடந்த கொலைக்குக் கல்கி விடுதலை. விடிந்தபின் அநிருத்தரைச் சும்மா உட்காரவைத்ததற்கு அவர் குற்றவாளியே.