கண்ணாடித் தளமும் கடலும்: குமரிமுனைப் பொதுவெளிக் கலையில் பார்வையாளர் பங்கேற்பு

பொதுவெளியில் அமையும் படைப்பொன்று இயற்கையையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கும்போது அதில் பார்வையாளரின் பங்கு யாது? கன்னியாகுமரியிலுள்ள காந்தி மண்டபத்தையும் கண்ணாடிப் பாலத்தையும் ஒப்பிட்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

1956இல் கட்டி முடிக்கப்பட்ட காந்தி மண்டபத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று நண்பகலில் கூரைத் துளை வழியே நுழையும் கதிரொளி, அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழுகிறது. இங்குத் தொழில்நுட்பம் என்பது ஒரு துளையும் அதற்குரிய கணக்குமே. படைப்பை நிறைவு செய்வது ஞாயிறு. மேகம் மறைப்பின் காட்சி இல்லை. இயற்கையின் நேரத்திற்குக் காத்திருத்தலே பார்வையாளரின் பங்கேற்பாகிறது.

விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. இதன் நீளம் 77 மீட்டர். அகலம் 10 மீட்டர். முன்னர், கடல்மட்டம் தாழ்ந்தாலோ அலை சீறினாலோ சிலைக்குப் படகு செல்லாது. அத்தடையை நீக்கியமை பாலத்தின் பயன். ஆனால் கடப்பதற்குக் கண்ணாடி தேவையன்று. காலடியில் கடலைக் காணச் செய்யும் நோக்கமே நடைதளத்தில் கண்ணாடியைப் பதித்தது. ஆதலின் இப்பாலம் பொறியியலுக்கு மட்டுமன்றிக் கலைத்திறனாய்வுக்கும் உரியதாகிறது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, பார்வையின் திசை மாறுகிறது. வை. கணபதி ஸ்தபதி வடித்த சிலையில் 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் அதிகாரங்களையும், 95 அடி உருவம் ஏனைய இரு பால்களின் அதிகாரங்களையும் குறிக்கும். அறத்தின்மீது பொருளும் இன்பமும் நிற்பதை உணரக் கண் கீழிருந்து மேலே செல்லவேண்டும். கண்ணாடியோ அதனைக் காலடிக்கு இழுக்கிறது. இரண்டாவது, வருவோரை மறுக்கவும் வல்லதாயிருந்த கடல் இங்குக் காட்சிப்பொருளாகிறது. கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்கு இன்றும் படகிலேயே செல்லவேண்டியிருப்பதால் அம்மறுப்பு முற்றும் நீங்கவில்லை. எனினும் பாலத்தின் வடிவமைப்பில் அதற்கு இடமில்லை.

இம்மாவட்ட மீனவர் நீரோட்டத்தை 'நீவாடு' என்றும், கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்றும் வழங்குவர். அவர்களுக்குக் கடல், கற்றறியத்தக்கதொரு வெளி. கண்ணாடி அக்கடலைக் காட்டுகிறதேயன்றி அறியச் செய்யவில்லை. இவ்வழக்குச் சொற்களும் நீரோட்ட, பாறை விளக்கங்களும் நடைதளத்தின் ஓரத்தில் இடம்பெறுமாயின், நடப்பவர் தம் காலடியில் காண்பது இன்னதென அறிவர். காந்தி மண்டபம் பார்வையாளரிடம் கோரும் பங்கேற்பைப் பாலமும் அப்போது கோரும். அதுவரை இதனைச் சிறந்த பொறியியற் பணி எனலாம். பங்கேற்புக் கலை எனல் பொருந்தாது.