ஈட்டில் மூழ்கும் வீடுகள்

கடன் தவணையைக் கட்ட இயலாமல் குடியிருக்கும் வீட்டையே இழக்கும் நிலைக்கு வந்தவனுக்கு அரசாங்கம் கைகொடுக்க வேண்டுமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் ஒரு மறுமொழியும் கூடவே எழுகிறது: “வாங்கிய கடனைக் கட்டுவதுதானே நியாயம்? ஒருவன் பட்ட கடனுக்கு ஊரார் வரிப்பணம் ஏன் கரைய வேண்டும்?” மேலோட்டமாகப் பார்த்தால் இது நேர்மையான வாதமே. ஆனால் அதனுள்ளே ஓர் எண்ணம் மறைந்து கிடக்கிறது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே அரசு இதுவரை தலையிடாமல் ஒதுங்கி நிற்கிறது என்பதே அவ்வெண்ணம். அது உண்மையன்று. அரசு நெடுங்காலமாகவே தலையிட்டு வந்திருக்கிறது. எவர் பக்கம் நின்று தலையிட்டது என்பதே நாம் ஆராய வேண்டியது.

மக்கள் வழக்கில் ‘பராட்டே சட்டம்’ எனப்படும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். ஈடு வைக்கப்பட்ட சொத்தை, வழக்கிட்டுத் தீர்ப்புப் பெறாமலே, வங்கியின் இயக்குநர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி ஏலத்தில் விற்றுவிடலாம். முன்னர் சில அரச நிறுவனங்களுக்கே இருந்த இந்த அதிகாரம் அச்சட்டத்தினால் தனியார் வணிக வங்கிகளுக்கும் உரியதாயிற்று. தீர்மானம் வர்த்தமானியிலும் நாளிதழ்களிலும் வெளிவரும், ஏலம் நடக்கும், விற்பனைச் சான்றிதழ் எழுதப்படும். அதன் பின்னரே மாவட்ட நீதிமன்றம் காட்சிக்கு வருகிறது. எதற்காக? வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றிக் கொடுப்பதற்காக! கடனாளி தன் கைப்பணத்தைச் செலவிட்டு வழக்குத் தொடுத்தாலன்றி, அவன் பக்கத்து நியாயம் எந்த மன்றத்திலும் கேட்கப்படுவதில்லை. வழக்காளியே தீர்ப்பும் எழுதிக்கொள்ளும் இவ்வுரிமையை வங்கிக்கு வழங்கியது அரசு. இது உதவியல்லவெனில் வேறெதுதான் உதவி?

2011 ஆம் ஆண்டுத் திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பின்வந்த ஆண்டுகளில் ரூபாவின் பெறுமதி எங்கே போயிற்று என்பதை நாம் அறிவோம். கட்டுகஸ்தோட்டையிலோ குண்டசாலையிலோ சிறு துண்டுக் காணி வாங்கி அளவான வீடு கட்டப் புறப்படும் ஆசிரியர் குடும்பம்கூட அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடக் கூடிய காலம் இது.

கடனாளிகள் தவறியது சோம்பலாலா, ஊதாரித்தனத்தாலா? 2019 ஆம் ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டின் கொள்ளைநோயும் உல்லாசப் பயணிகளை நம்பி வாழ்ந்த கண்டி நகரின் வருவாயை அடுத்தடுத்து அடைத்தன. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவனின் தவணை ஏறியது. அரிசி விலையும் ஏறியது. சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இந்த மூன்றில் எதையும் அவன் தீர்மானிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே 2022 ஏப்ரலில் நம் அரசாங்கமே தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாதென அறிவித்தது. அரசு தன் கடன்காரர்களோடு பேசியது, தவணையை நீட்டியது, ஒரு பகுதியைக் குறைப்பித்தது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் குறைந்த வட்டியை ஏற்க வேண்டியதாயிற்று. கடனாளி நாடானால் பேச்சுவார்த்தை, கடனாளி குடிமகனானால் ஏலம் என்பது எந்த ஊர் நீதி?

இப்பிரச்சினை கண்டிச் சீமைக்குப் புதியதன்று. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ஈடு வைத்த காணிகள் பெருமளவில் கைமாறின. கடன் கொடுத்தவர்களுள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முன்னணியில் இருந்ததால் கோபம் முழுதும் அவர்கள் மீது திரும்பி, இனப் பகையாகவும் உருவெடுத்தது. ஆனால் அந்தச் செட்டியாரும் ஆங்கிலேய வங்கிகளிடம் கடன் பெற்றே கடன் கொடுத்தார். அவ்வங்கிகள் உள்ளூர்ச் சிறு உடைமையாளனுக்கு நேரடியாகக் கதவைத் திறக்கவில்லை. 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இக்குறையை எடுத்துக்காட்டிய பின்னரே 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. கடன்காரனின் சாதியையும் மொழியையும் பார்த்தவர்கள் கடனின் அமைப்பைப் பார்க்கத் தவறினர். அத்தவறுக்கு நாம் இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அக்காலத்து அரசுகூடச் சும்மா இருக்கவில்லை. 1941 இல் கடன் இணக்கச் சபைக்கான சட்டம் வந்தது. ஈடு வைத்தவனையும் கடன் கொடுத்தவனையும் ஒரே மேசையில் இருத்தி இணக்கம் காண்பது அதன் நோக்கம். 1942 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் காணி மீட்புச் சட்டம் இன்னும் துணிவானது. 1929 ஜனவரி 1 க்குப் பின் ஈட்டுத் தீர்ப்பினால் விற்கப்பட்ட, அல்லது ஈட்டுக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்ட விவசாயக் காணியை அரசே எடுத்து, இழந்தவனிடம் திருப்பிச் சேர்க்க அது வழிவகுத்தது. சட்டப்படி நடந்த விற்பனையும் அநீதியாக இருக்கக்கூடும் என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது!

எனினும் அதன் குறைகளையும் மறைப்பதற்கில்லை. இழந்த பின் மீட்பதென்றால் நட்டஈடு வேண்டும், வழக்குகளைச் சந்திக்க வேண்டும். அச்சட்டத்தின் கீழ் எழுந்த லெடமுத்துப்பிள்ளை வழக்கு 1960 இல் பிரித்தானியப் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. போன காணியை மீட்பதைவிடப் போகவிடாமல் காப்பது எளிது, மலிவு என்பதே அவ்வனுபவம் தரும் பாடம்.

இப்பாடத்தின் ஒளியில் அண்மைய நடவடிக்கையை நோக்குவோம். 2024 இல் பராட்டே அதிகாரம் அவ்வாண்டு டிசம்பர் 15 வரை இடைநிறுத்தப்பட்டது. பின்னர் அது 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. ஏலத்தை நிறுத்தினார்கள், வட்டியை நிறுத்தினார்களா? நாட்காட்டி நின்றால் கடனும் நின்றுவிடாது. பெரிய ஹோட்டல் முதலாளிக்கும் ஒற்றை வீட்டுக்காரனுக்கும் ஒரே அளவுகோலால் அவகாசம் தந்து, அவகாசம் முடிந்ததும் இருவரையும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது நிவாரணமாகாது, ஒத்திவைப்பே ஆகும்.

வங்கியில் கிடப்பது சேமிப்பாளரின் பணம், அதற்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அவசர ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்பதால் சேமிப்பாளன் காக்கப்படுகிறானா? அமெரிக்காவைப் போன்ற முதலாளித்துவ நாடே 1933 இல் வீட்டுக் கடனுக்கென ஓர் அரச நிறுவனத்தை அமைத்தது. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் கடன்களை அது தன் பொறுப்பில் ஏற்று, தவணைக் காலத்தை 15 ஆண்டுகளாக நீட்டி, வட்டியைக் குறைத்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு பின்னரும் பறிபோனதென்பது மெய்யே. மற்றவை நிலைத்தன. 1951 இல் மூடப்பட்டபோது அந்நிறுவனம் சிறு இலாபத்தோடே கணக்கை முடித்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்தபோது இக்கேள்வி மேலும் கூர்மையடைந்தது. வீடு மண்ணுள் புதைந்தாலும் அதன் மேல் வாங்கிய கடன் புதைவதில்லை. இருப்பிடம் இல்லாதவனிடம் இல்லாத வீட்டுக்குத் தவணை கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லையெனில், சட்டத்தைத் திருத்துவதே முறை.

ஆகவே நாம் கோருவது தருமமன்று. குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டை ஏலமிடுமுன் இரு தரப்பையும் கேட்கும் மன்றம் ஒன்று வேண்டும். அது கொழும்பில் மட்டுமன்றிக் கண்டியிலும் கூட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் விசாரிக்க வேண்டும். தவணையை நீட்டவும் தண்ட வட்டியைத் தள்ளவும் அதற்கு அதிகாரம் வேண்டும். கட்டக் கூடியவன் தப்பிக்க அங்கே வழியில்லை. கட்ட முடியாதவன் தெருவுக்கு வரவும் தேவையில்லை.

இவ்வளவும் உறுதி உள்ளவர்களின் கதை. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும், ஈடு வைப்பதற்குக்கூட ஓர் உறுதிப் பத்திரம் இல்லாத தொழிலாளரின் கதையை இதனோடு சேர்க்காவிட்டால் கணக்கு முழுமையாகாது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். வீட்டை இழக்கப் போகிறவனைக் காக்கும் சட்டம், வீட்டை என்றுமே பெறாதவனுக்குக் காணியுறுதி வழங்கும் சட்டத்தோடு கைகோத்து வர வேண்டும். இல்லையேல் அது உடையவர்களுக்குள் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தமாகவே முடியும்.

நம் கதைகளில் வட்டிக்காரனை நாம் நன்கு வரைந்திருக்கிறோம். அவனுக்கு முகம் உண்டு, கடுக்கன் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. இயக்குநர் சபைத் தீர்மானத்துக்கு முகமில்லை. முகமில்லாத அந்த அநீதியை மக்களுக்கு அடையாளம் காட்டுவது நம் எழுத்தாளர்முன் உள்ள வேலையாகும்.