தேடலும் பேறும்: மைன்கிராஃப்ட் பற்றிய ஒரு நோக்கு

சுவீடனின் மொஜாங் நிறுவனம் 2011 நவம்பரில் முழுவடிவில் வெளியிட்ட கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட். கட்டற்ற உலகொன்றில் நிலத்தை அகழ்ந்து, பெற்ற பொருளாற் கருவி செய்து வாழ்வதே அதன் நெறி. மரம், கல், இரும்பு, வைரம் என உயரும் கருவிப் படிநிலை தொடக்கத்தில் ஆர்வத்தைத் தூண்டுகின்றது. ஆயின், அவ்வார்வம் நீடிப்பதில்லை.

காரணம் யாது? தேய்ந்து முறியும் கருவியே விளையாடுவோரை மீண்டும் சுரங்கத்துக்கு அழைத்தது. 2016இற் சேர்க்கப்பட்ட செப்பனிடும் மந்திரமோ, ஈட்டும் அனுபவப் புள்ளிகளாற் கருவியைப் புதுப்பித்துவிடுகின்றது. அம்மந்திர நூலைக் கிராமத்து நூலகரிடம் மரகதம் கொடுத்து வாங்கலாம். அதன்பின் வைரத்தின் தேவை வெகுவாகக் குறைகின்றது. தொலைவிடத்துப் பேழைகளைத் திறப்பினும், முன்னரே மிகுந்துள்ள இரும்பும் பொன்னுமே பெரும்பாலும் கிட்டுகின்றன. 2020இல் வந்த நெதரைற் படியொன்றைக் கூட்டியது. தேடலுக்கு நிலையான தேவையைக் கூட்டவில்லை.

கருவி மழுங்குவதும் அதனைத் தீட்டுவதும் தொழிலின் பகுதியே என்பதை ருவான்வெல்லை இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டுவோர் நன்கறிவர். அவர்தம் சுமையை விளையாட்டில் வேண்டுவார் இலர். எனினும், தேய்வு முற்றாக நீங்கியவிடத்துத் தேடலும் நீங்கிவிடுகின்றது.

கட்டட ஆக்கத்தில் இவ்விளையாட்டுத் தரும் சுதந்திரம் பெரிது. பேறுகளைப் பெருக்குவதன்று, பெற்றவற்றுக்குப் பயன் காட்டுவதே அதற்கு இன்று வேண்டப்படுவது.