வேதாளத்தின் வினா

1947-இல் சென்னையில் தோன்றி, இன்று நின்றுவிட்ட ‘அம்புலிமாமா’ இதழின் விக்கிரமாதித்தன்–வேதாளம் கதைகளைப் பெரியவர்கள் படிக்கலாமா? பேய்க்கதை என்று சபையாரிற் சிலர் தள்ளுவர். அது சரியன்று.

கதைதோறும் வேதாளம் நியாயத்தைக் குறித்தே வினவுகிறது. விடை தெரிந்தும் மௌனமாயிருந்தால் அரசனின் தலை வெடிக்கும்; வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரமேற, பட்ட பாடு வீணாகும். ஆயினும் அவன் பேசுகிறான். அவன் தீர்ப்புகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல; வினாக்களே அரியவை. சிறுவர்க்கு இது வேடிக்கை, நமக்கோ சோதனை.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவரின் படகும் வலையும் பாழாயின. பொறுப்பாளி யார் என்னும் வினா, திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் பிரசங்க பீடமேறும் நமக்கும் உரியதே. நாம் வாய் திறந்தோமா?

நாத்தான் சொன்ன கதை தாவீதைத் தனக்கே தீர்ப்புரைக்கச் செய்தது. இக்கதைகளையும் பெரியவர்களே முதலில் படிக்கட்டும்.