குரோகாவாவின் காடு வழியே பாரிஸுக்கு

கேமரன் மலையின் கியா பார்மிலிருந்து பாரிஸுக்குக் கிளம்புகிறவர்களில் பலர், விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பயணம் தொடங்கியதாக நினைக்கிறார்கள். பாதி ருசி அங்கேயே போய்விடுகிறது. 1,500 மீட்டருக்கு மேலே, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளில் பனி விலகுமுன் புறப்பட்டு, தாப்பா சாலையின் வளைவுகளில் இறங்கும்போதே நாள் தொடங்கிவிடுகிறது. ரிங்லெட் வரும்போது ஸ்வெட்டர் கனக்கும். தாப்பாவில் வெயில் சுடும். பிறகு தெற்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால், மொத்தம் நான்கைந்து மணி நேரத்தில் சிப்பாங் விமான நிலையம். வளைவு குறைந்த சிம்பாங் பூலாய் வழிதான் வயிற்றுக்கு நல்லது என்று வாதிடுவோர் உண்டு. வயிற்றுக்கு நல்லதாக இருக்கலாம். ஈப்போ பக்கம் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

மலேசியா ஏர்லைன்ஸ் 2016 ஜனவரியில் கைவிட்ட பாரிஸ் சேவையை 2025 மார்ச் 22 அன்று மீண்டும் தொடங்கியது. சுமார் 10,400 கிலோமீட்டர், ஒரே தாவல். நடுவில் இறங்கி ஏறும் அலுப்பு இல்லை. சாளரத்தோர இருக்கையா, நடைவழி இருக்கையா என்ற பழைய சண்டையை அவரவர் முழங்காலிடம் விட்டுவிடலாம்.

ரசிக்க வேண்டியது விமானம் கிளம்புமுன் இருக்கிறது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் சேட்டிலைட் கட்டடத்தின் நடுவே, கண்ணாடி வளையத்துக்குள் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா நிற்க வைத்த காடு. 1998 ஜூனில் திறந்த இந்த நிலையத்துக்கு அவர் வைத்துக்கொண்ட எண்ணமே 'காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு' என்பதுதான். தலைமை முனையத்தின் 39 சதுரக் கூரைகளையும் அவற்றைத் தாங்கும் கூம்புத் தூண்களையும் அண்ணாந்து பார்க்காதவர் குறைவு. ஆனால் அந்தக் கூரை முன்னுரை மட்டுமே. சேட்டிலைட்டின் குளிரூட்டிய மண்டபத்திலிருந்து கதவைத் தள்ளி வெளியே கால் வைத்ததும் முகத்தில் அடிக்கிறதே ஈரமான வெக்கை, அதுதான் இந்தக் கட்டடத்தின் உச்சம். மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் மழையேதான் விழுகிறது. மரங்களின் ஈரமண் வாசம் வருகிறது. நான்கு கைகளிலும் விமானங்கள் ஒட்டி நிற்கும் சிலுவை வடிவக் கட்டடத்தின் நெஞ்சில் இப்படியொரு திறந்த வெளியை விட எத்தனை துணிச்சல் வேண்டும்! கடை போட்டிருந்தால் வாடகை வந்திருக்கும் இடம் அது.

சிங்கப்பூர் சாங்கியின் ஜுவல்தான் அழகு என்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். மோஷே சஃப்டி வடிவமைத்து 2019இல் திறந்த அந்த மாளிகையின் 40 மீட்டர் அருவி கண்ணைக் கவர்வது உண்மை. அங்கே காடு குளுகுளுவென்று இருக்கிறது. குரோகாவாவின் காட்டில் வியர்க்கிறது. காடென்றால் வியர்க்கத்தான் வேண்டும்.

செயற்கைக் காடுதானே என்றொரு குறையும் சொல்வார்கள். ஆனால் நிலையம் எழுந்த 100 சதுர கிலோமீட்டரும் முன்பு விவசாய நிலம். செம்பனைத் தோட்டங்கள் பரந்திருந்த வட்டாரம். இந்நாட்டில் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட கைகளில் தமிழர் கைகள் எத்தனையோ. கேமரன் மலையின் தேயிலைக்கும் அதே கதைதான். தோட்ட மண்ணுக்கு மரங்களைக் கொண்டுவந்து நட்ட ஜப்பானியரின் கைவேலையை, தோட்டத்துப் பிள்ளைகளாவது நின்று பார்க்கலாம் அல்லவா? பலரும் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, அந்தக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறை கட்டடத்திடமும் உண்டு. கே.எல்.ஐ.ஏ.வுக்கு முன், 1965இல் திறந்த சுபாங் முனையம் இருந்த காலத்தில், ஒருவரை வழியனுப்பக் குடும்பமே வேனில் வந்து, மாடத்தில் நின்று, விமானம் மறையும்வரை கையசைக்கும். அந்த முனையத்தை 2003இல் இடித்தார்கள். கே.எல்.ஐ.ஏ.வின் காடோ குடிநுழைவுச் சோதனைக்கு அப்பால் இருக்கிறது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பார்க்க வழியில்லை. தலைமை முனையத்தையும் சேட்டிலைட்டையும் இணைக்கும் ஏரோடிரெயின் ரயில் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடியது. இடையில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றிப் போனார்கள். இருபுறமும் பசுமை விரிய அந்த ரயிலில் வழுக்கிப் போவதும் குரோகாவாவின் கணக்கில் சேர்ந்ததுதான்.

அவருடைய டோக்கியோ நாககின் கேப்சூல் கோபுரம், 1972இல் கட்டியது, 2022இல் பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. எனவே மிஞ்சியிருப்பவற்றைப் பார்ப்பதில் ஓர் அவசரம் இருக்கிறது. பாரிஸில் இறங்கியதும் நம்மவர் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளுக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் போவார்கள், போகட்டும். மறுநாள் மெட்ரோ முதலாம் தடத்தில் கடைசி நிறுத்தமான லா தெஃபான்ஸ் வரை போய்வாருங்கள். அங்கே நடுவில் வாசலாகத் திறந்து நிற்கும் பசிபிக் கோபுரமும் குரோகாவா கட்டியதுதான்.