கேரெட் கேட்கச் சொல்லாத கேள்வி

லஸ் முனை நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஹென்றி கேரெட்டின் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ் இன் சைக்காலஜி அண்ட் எஜுகேஷன்’ கிடைத்தது. எம்.எஸ்சி. உளவியல் படிக்கும் தங்கைக்காக வாங்கி, அவளுக்கு முன்னால் நானே படித்துவிட்டேன். 1926இல் முதலில் வந்த நூல். பம்பாய்ப் பதிப்பின் வழியாக இந்திய உளவியல் மாணவர்கள் பல தலைமுறையாகப் படித்து வருவது.

நல்ல பாடநூல்தான், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று ஒவ்வொரு படியாகக் கைபிடித்துக் கூட்டிப் போகிறது. கணக்கிலிருந்து தப்பிக்கவே உளவியல் எடுத்த என் தங்கைக்கே புரிந்தது. மதிப்பெண் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் இதில் உண்டு. அந்த மதிப்பெண் யாரிடமிருந்து, எந்தச் சூழலில் வந்தது என்று கேட்கத்தான் நூல் அவ்வளவாகப் பழக்குவதில்லை.

கேரெட்டே அதைக் கேட்டவரில்லை. 1946இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்தவர், 1952இல் விர்ஜீனியா பள்ளி வழக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்ற ஏற்பாட்டை ஆதரித்துச் சாட்சி சொன்னார். அதே வழக்கில் அவரை மறுத்துச் சாட்சி சொன்னவர் மேமி கிளார்க், கொலம்பியாவில் கேரெட்டின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண். மேமியும் கணவர் கென்னத்தும் குழந்தைகளிடம் எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் தனிப்பள்ளிகள் செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத்தின் பெயர் இருக்கிறது.

தீர்ப்பு எனக்குப் பிடித்தது என்பதற்காக ஆய்வின் ஓட்டையை மறைக்க முடியாது. வடக்கே கலப்புப் பள்ளிகளில் படித்த கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைப் பொம்மையையே தேர்ந்தார்கள். அப்படியானால் காரணம் தனிப்பள்ளியா, மொத்தச் சமூகமா? அந்த ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டாலும் இந்தக் குறை தீராது. ஆய்வை வடிவமைக்கும்போதே யோசித்திருக்க வேண்டியது இது.

இது ஏதோ தூரத்துக் கதை என்று விட முடியாது. நம் நாட்டில் குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கப் பரவலாகப் பயன்பட்ட பினே–காமத் சோதனை, மராத்தி, கன்னடம் பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. அடையாற்றில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு அதைக் கொடுத்து, வரும் எண்ணைச் சராசரியோடு ஒப்பிட கேரெட் போதும். அந்தச் சராசரி யாருடையது என்று கேட்க கேரெட் போதாது. ஒரு குழந்தையின் பள்ளியும் சான்றிதழும் அந்த எண்ணால் முடிவாகலாம். கேரெட்டை வாங்குங்கள், படியுங்கள். ஆய்வு வடிவமைப்புக்கென்று இன்னொரு நூலையும் சேர்த்து வாங்குங்கள்.

தங்கையின் ஆய்வேடு கல்லூரி மாணவிகளின் மன அழுத்தம் பற்றியது. போன வாரம் “சிக்னிஃபிகன்ட்டா வந்துடுச்சுண்ணா” என்று குதித்தாள்.

“யார் யார்கிட்ட கேட்டே?”

“கிளாஸ்ல, அப்புறம் அவங்க ஃபிரெண்ட்ஸ்.” கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஹாஸ்டல் பொண்ணுங்க ஒருத்திகூட இல்லண்ணா.”